மெனோரா ஏற்றம்

ஈப்போ,
9 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஈஸ்வரியின் வணக்கம். நானும் மகன் ராஜுவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முட்டி எப்படி? அண்ணிக்கு இனிப்பு நீர் வியாதி குறைந்ததா?

என்ன இவள் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வேறு வழி எங்கே வைத்தீர்கள்? தீபாவளிக்கு மறுநாள் குடும்ப வாட்சப் குரூப்பில் ஒரு படம் போட்டேன். நம் கம்பெனி வாங்கப்போகும் மின்சார லாரிக்குப் பக்கத்தில் நான் நின்ற படம். எல்லாரும் கைதட்டினார்கள். நீங்கள் மட்டும் "பொம்மை லாரிக்குப் பொம்மை டிரைவர்" என்று எழுதினீர்கள். அதைப் பினாங்கு சித்தி படம் பிடித்துச் சொந்தபந்தம் பூராவுக்கும் அனுப்பிவிட்டார். ஏன் அண்ணே இப்படி என்று கேட்டதற்கு நீங்கள் குரூப்பை விட்டே போனீர்கள், என் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டீர்கள். தாள் என்றால் நம் இரண்டு பேரோடு நிற்கும். சீனி அண்ணன் உங்கள் ஊர் மில்லில் அரிசி ஏற்றிக்கொண்டு ஈப்போ வழியாகத்தான் தாப்பாவுக்குப் போய்வருகிறார். இனி அவர்தான் நமக்குத் தபால்காரர். ஒரு கோப்பி வாங்கிக் கொடுங்கள், போதும்.

விஷயம் இதுதான். அந்த லாரிக்கு என்னை எடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் பேக்டரி பஸ் ஓட்டினேனே, ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்கிவரும் பிள்ளைகள் கண் விழிக்காமல் பிரேக் போட்டுப் பழகிய கால். அந்தக் கால்தான் வேண்டும் என்றார் டிப்போ மேனேஜர் லூயிஸ். டிப்போ எங்கே வருகிறது தெரியுமா? தாப்பாவுக்கு இந்தப் பக்கம், நாம் பிறந்த சுங்கை கெலி தோட்டத்தில். ரப்பர் நின்ற சரிவு முழுக்க சோலார் பேனல் அடுக்கியிருக்கிறார்கள். அதில் வரும் கரண்டில்தான் லாரிக்கு சார்ஜ் போடப் போகிறார்கள்.

நீங்கள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எனக்குப் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
தினேஸ்வரி

---

பாரிட் புந்தார்,
23 நவம்பர் 2025

தங்கச்சி ஈஸ்வரிக்கு,

அண்ணன் மகேந்திரனின் ஆசீர்வாதம். இங்கே ஓயாத மழை, வயல் எல்லாம் வெள்ளம். அதைத் தவிர எல்லாரும் நலம். முட்டிக்கு என்ன, அது முட்டி மாதிரி இருக்கிறது. ராஜுவை விசாரித்ததாகச் சொல்.

சீனி உன் கடிதத்தை மில் வாசலில், அத்தனை டிரைவர்களும் கோப்பி குடிக்கிற நேரத்தில் நீட்டினான். "என்னா மச்சான், இந்த வயசுல லவ் லெட்டரா லா?" என்று ஒரே சிரிப்பு. நீ தேர்ந்தெடுத்த தபால்காரன் நன்றாகத்தான் இருக்கிறான்.

நல்ல வார்த்தை கேட்டாய். நல்லபடியாக ஓட்டு. சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். எனக்கும்தான் கேட்டார்கள். அந்த லூயிஸே என்னிடம் வந்து கேட்டான். வேண்டாம் என்றேன். சத்தமே இல்லாத லாரி ஒரு லாரியா? யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். உன் யானைக்கு மணியே கிடையாதே! ஏற்றத்தில் கியரைக் குறைத்து இஞ்சினைப் பேச வைப்பதுதான் ஓட்டம். நீ ஓட்டப்போவது சக்கரம் வைத்த ஐஸ்பெட்டி.

இன்னொன்று கேட்கிறேன். இங்கே சூரியன் முகம் காட்டிப் பல நாள் ஆகிறது. மழைக்காலத்தில் என்ன செய்வாய்? சூரியனுக்கு மனு எழுதுவாயா?

நம் வீட்டில் லாரி என்றால் அப்பா, அப்பாவுக்குப் பிறகு நான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கலா உனக்கு நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புகிறாள். சீனி பாதி தின்றிருந்தால் எனக்கு எழுது.

அண்ணன்,
மகேந்திரன்

---

ஈப்போ,
14 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஈஸ்வரியின் வணக்கம். கருவாடு முழுசாக வந்தது, அண்ணிக்கு நன்றி சொல்லுங்கள். எனக்குக் கொஞ்சம் சளி, மற்றபடி குறை இல்லை. முட்டியைப் பற்றி நீங்கள் ஒழுங்காக எழுதவில்லை. டாக்டரிடம் போனீர்களா?

சூரியனுக்கு மனு எழுத வேண்டியதில்லை. பேனலுக்குக் கீழே, வெட்டின ரப்பர் பாலை முன்பு நிறுத்துப் பார்ப்பார்களே, அந்த இடத்தில் வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. கப்பல் பெட்டி, அதான் கண்டெய்னர், அந்த அளவு. உள்ளே முழுக்க பேட்டரி. தோட்டத்துக்கு வரும் பழைய மின்கம்பி நான்கு லாரியை ஒரே நேரத்தில் செருகினால் தாங்காதாம். அதனால் பகல் வெயிலை அந்தப் பெட்டிகளில் சேர்த்து வைத்து, சாயங்காலம் லாரிகள் திரும்பியதும் அதிலிருந்து ஏற்றுகிறார்கள். மேகம் போட்ட நாளில் பேனல் கொஞ்சமாவது கொடுக்கும். அதுவும் போதாவிட்டால் கம்பிக் கரண்டை ராத்திரி பூரா மெதுவாக இழுத்துப் பெட்டியை நிரப்பிக்கொள்வார்கள். அம்மா மழைக்கு முன்பே விறகு அடுக்கி வைப்பாரே, அதே கணக்குதான்.

ஓட்டிப் பார்த்தேன் அண்ணே. கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது. இடது காலுக்கு வேலையே இல்லை. நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கினாலும் கால் கால் மாதிரியே இருக்கிறது.

லாரி ஜனவரியில் வருகிறது. தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பூஜை. சார்ஜ் போடும் இடத்தில் நெருப்பும் கூடாது, தண்ணீரும் கூடாது என்று கம்பெனி சட்டம். அதனால் டிப்போ கேட்டுக்கு வெளியே, நம் முனியாண்டி கோயில் முன்னால் வைத்துக்கொள்ள லூயிஸ் அண்ணன் சம்மதித்துவிட்டார். அவர் கோயில் என்றால் மாதா கோயில்தான் என்றாலும் "முனியாண்டி இங்க சீனியரு லா, அவரக் கேக்காம முடியுமா" என்கிறார். அப்பா இல்லாத வீட்டில் புது வண்டிக்குத் திருஷ்டி கழிக்க அண்ணன்தான் வரவேண்டும். வருவீர்களா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தினேஸ்வரி

---

ஈப்போ,
25 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். வீடு போய்ச் சேர்ந்ததும் முட்டி வீங்கியதாக அண்ணி சொன்னார்களாம், சீனி அண்ணன் சொன்னார். நல்லெண்ணெய் தடவுங்கள். நாங்கள் நலம்.

கேட்டதற்குப் பதிலே இல்லை. வரமாட்டீர்கள் என்றுதான் ராஜுவை நிற்கச் சொல்லியிருந்தேன். பார்த்தால், காலையிலேயே பூசணிக்காயும் கையுமாகக் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! எனக்கு அழுகை வந்துவிட்டது, கற்பூரப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நீங்கள் பூசணி சுற்றி உடைத்ததைப் பார்த்து லூயிஸ் அண்ணன் தீயணைப்புக் குழாயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் உங்களுக்குக் கேட்டதா? எத்தனை லாரி பூஜை பார்த்திருக்கிறோம், அந்தச் சத்தத்தை நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஒன்று மனசில் நிற்கிறது. நீங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது உங்கள் இடது கால் கீழே கிளட்ச்சைத் தேடித் தேடிப் பார்த்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கக் கூடாது அண்ணே.

இன்னொன்று. கடைசியில் நீங்கள் லாரிக்கு முன்னால் குனிந்து, முன்பக்கக் கம்பி அடைப்புக்கு உள்ளே கறுப்புக் கயிற்றில் செப்புத் தகடு கட்டினீர்களே, பார்த்தேன். வண்டியில் எதையும் தொங்கவிடக் கூடாது என்பது கம்பெனி சட்டம். லூயிஸ் அண்ணன் திரும்பிவிடப் போகிறாரே என்று முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நீங்கள் முணுமுணுத்ததும் கேட்டது. யார் கண்ணும் என்மேல் படாமல் அந்தத் தகடு காக்கட்டும்.

என்றும் உங்கள் தங்கை,
தினேஸ்வரி

---

பாரிட் புந்தார்,
22 பிப்ரவரி 2026

தங்கச்சிக்கு,

அண்ணனின் ஆசி. கலாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. நீ சொன்ன நல்லெண்ணெய் தடவுகிறேன், வீடு பூராவும் பலகாரக் கடை வாசம்தான் அடிக்கிறது, வேறு மாற்றமில்லை.

போன புதன்கிழமை மெனோரா ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போனாய். பட்டர்வொர்த்திலிருந்து கப்பல் பெட்டி ஏற்றி வந்தாய் போலிருக்கிறது. நான் அரிசி மூட்டையோடு இடது ஓரமாக, இரண்டாம் கியரில், கறுப்புப் புகை விட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தேன். முதலில் கண்ணாடியில் ஒரு வெள்ளை. சத்தமில்லை. அப்புறம் என் பக்கத்தில் முழு லாரி. காற்று மட்டும் உஸ்ஸென்றது. கை அசைத்தாய், ஹார்ன் வேறு அடித்தாய். எனக்குப் பின்னால் வந்த சீனி எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

இப்போது மில்லில் இதுதான் பேச்சு. "ஒன் தங்கச்சி ஒன்ன கழுவி ஊத்திட்டு போயிட்டா மச்சான்! டீசல் பொகையில ஒனக்கு தெரிஞ்சிச்சா இல்லையா?" நான் கோப்பிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பொறாமை என்கிறான் சீனி. போடோ, முட்டாள் பயல்! எனக்கு என்ன பொறாமை? அன்று சாயங்காலம் சோறு இறங்கவில்லை. கலா கேட்டாள், வாயு என்றேன். வாயுதான்.

அந்த இடத்தில் ஹார்ன் அடிக்க வேண்டியதில்லை. சட்டப்படி தாண்டினால் போதும். இறக்கத்தில் பிரேக் போடாமலே பேட்டரி நிரம்புகிறதாம், லூயிஸ் பெருமையடிக்கிறான். இறங்கினால் கூலி கொடுக்கும் லாரியை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

கயிறு கெட்டியாக இருக்கிறதா?

அண்ணன்,
மகேந்திரன்

---

ஈப்போ,
15 மார்ச் 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லாரும் நலம் என்று நினைக்கிறேன். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான்.

லாரி தானாகவே நிற்கிறது அண்ணே. அதன் முன்பக்கக் கம்பிக்குள் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். முன்னால் ஏதாவது குறுக்கே வந்தால் டிரைவருக்கு முந்தி அதுவே பிரேக் போட்டுவிடும். அந்தக் கண் இப்போது ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ பார்க்கிறது. போன வாரம் அடைமழை விட்ட மறுநாள் தொடங்கியது. தாப்பா தாண்டி வெறும் ரோடு, முன்னால் ஒரு பூனைக்குட்டிகூட இல்லை. லாரி ஓங்கி அடித்த மாதிரி நின்றது. பின்னால் வந்த காய்கறி லாரி மயிரிழையில் ஒதுங்கியது. அதில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கோலாலம்பூரிலிருந்து ஆள் வந்து கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார்கள். முன்னால் தடை இருந்ததாகத்தான் பதிவு ஆகியிருக்கிறதாம். கண்ணைத் துடைத்தார்கள், நிறுத்தி வைத்துச் சோதித்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். மறுநாள் மறுபடியும். கடைசியில் நான் முன்வண்டியை ஒட்டி ஓட்டுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பஸ்ஸில் தூங்கிய பிள்ளையை எழுப்பாத காலைப் பார்த்து!

நாளை முதல் ஈப்போ ஆபீசில் போன் எடுக்கிற வேலை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று டிப்போவில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. லாரி ஷெட்டில் நிற்கிறது. நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

தினேஸ்வரி

---

பாரிட் புந்தார்,
17 மார்ச் 2026

தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசி. கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன், சீனி வாசலில் காத்திருக்கிறான்.

மனசை விடாதே. யானைக்கும் அடி சறுக்கும். நான் அப்போதே சொன்னேன், சத்தமில்லாத வண்டியை நம்பாதே என்று. பஸ் வேறு, லாரி வேறு. பஸ்ஸில் ஆளுக்குத் தக்கபடி ஓட்ட வேண்டும், லாரியில் பாரத்துக்குத் தக்கபடி. அது வருஷக்கணக்கில் உடம்பில் ஊற வேண்டிய விஷயம். உன்மேல் தப்பில்லை, உன்னை எடுத்தவர்கள்மேல்தான் தப்பு. ஆபீஸ் வேலை ஏர்கோனில் நிம்மதியான வேலை. கலாவும் அதையே சொல்கிறாள்.

யாராவது அந்த லாரியை எடுத்துத்தானே ஆகவேண்டும்? லூயிஸ் யாரையாவது மனசில் வைத்திருக்கிறானா? சும்மா கேட்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு, தூங்கு.

அண்ணன்,
மகேந்திரன்

---

தாப்பா டிப்போ,
17 ஏப்ரல் 2026

தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசி. சித்திரை பிறந்துவிட்டது, புத்தாண்டு வாழ்த்துகள். நீ பதில் போடவில்லை, வேலை அதிகம் போலும். நாங்கள் நலம். நான் ரொம்ப நலம்.

உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். லூயிஸ் என்னைக் கூப்பிட்டுவிட்டான். வாரநாளில் டிப்போ டிரைவர் ரூமில் தங்கல், சனிக்கிழமை வீடு. உன் லாரியைத்தான் கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை, கொடுத்தார்கள்.

முதல் நாள் கேட் தாண்டி மண் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது என்னையும் நிறுத்திப் பார்த்தது. இறங்கினேன். முன்னால் போய் ஒரு பார்வை பார்த்தேன். அதன் பிறகு மரியாதையாக ஓடுகிறது. இன்றுவரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. கோலாலம்பூர்க்காரர்கள் வந்து என்னையே படம் எடுத்துக்கொண்டு போனார்கள். "அனுபவம் அனுபவம்தான் மகேந்திரன்" என்று லூயிஸ் எல்லார் முன்னாலும் தோளில் தட்டினான். சீனி என்னைப் பார்த்தால் இப்போது வாயைத் திறப்பதில்லை.

இன்னொரு விஷயம். நேற்று முனியாண்டி கோயில் படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினேன். முட்டியைக் கேட்பாயே, அதற்காக எழுதுகிறேன்.

அண்ணன்,
மகேந்திரன்

---

ஈப்போ,
3 மே 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கோயில் படியேறினீர்கள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வயிறு எரிந்ததும் உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். போன் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் என் வலது கால் தரையை மெதுவாக அழுத்துகிறது. பக்கத்து மேசைப் பெண் சிரிக்கிறாள்.

உங்களுக்கு ஓடுகிறது, எனக்கு ஓடவில்லை. ஆகவே என்னிடம்தான் ஏதோ குறை. ஊரும் அதைத்தான் சொல்கிறது. அடுத்த லாரிக்குப் பயிற்சி கேட்டு வந்த இரண்டு பெண்களை லூயிஸ் அண்ணன் இப்போதைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். "ஒரு தடவ பட்டது போதும் மா" என்றாராம். அது என்னால்தான் என்று நினைத்தால் இருக்கிற சோறும் இறங்கவில்லை. லைசன்சைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ராஜுவிடம் கேட்டேன்.

வாரத்துக்கு ஐந்து நாள் ஈப்போவைத் தாண்டித்தான் போகிறீர்கள். ஒரு நாள் வீட்டில் இறங்கக் கூடாதா? ஆபீசுக்கு வந்தபோதுகூட வாசலோடு போய்விட்டீர்கள், கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

சரி, அதை விடுங்கள். ஒன்றுதான் கேட்க நினைத்தேன். பூஜையன்று கட்டினீர்களே, அந்தத் தகடு இன்னும் இருக்கிறதா? அத்தனை மழையில் கயிறு இளகித் தொங்கிப்போயிருக்கும். மறக்காமல் பார்த்து இறுக்கிக் கட்டுங்கள். எனக்குத்தான் காக்கவில்லை, உங்களையாவது காக்கட்டும். இப்போது ஊர்க் கண் முழுக்க உங்கள்மேல் அல்லவா இருக்கிறது.

தினேஸ்வரி

---

பாரிட் புந்தார்,
31 மே 2026

ஈஸ்வரிக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் ஓட்டினேன். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் பையில் இருந்தது. அந்தத் தகடு.

முதல் நாள் பள்ளத்தில் நின்றதும் இறங்கிக் குனிந்தேன். நான் கட்டின கயிறு இளகி, தகடு லாரியின் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. வண்டி நின்று கொஞ்ச நேரத்தில் அது கம்பிக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. அதனால்தான் நிறுத்தி வைத்துச் சோதித்தவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தேன். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

போன வியாழக்கிழமை தகட்டைப் பழைய இடத்தில் பழையபடி தொங்கவிட்டேன். லூயிஸைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆள் நடமாட்டமில்லாத தோட்ட ரோட்டில் கொண்டுபோனேன். பள்ளத்துக்குப் பள்ளம் லாரி நின்றது. அவன் தலை கண்ணாடியில் இடித்தது. "என்னா மகேந்திரன், ஒனக்கும் இப்படியா?" என்றான். "எனக்கில்ல பாஸ், என்னாலதான்" என்றேன். இறங்கி அவிழ்த்துக் கையில் கொடுத்தேன். அவன் தகட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிலுவை போட்டுக்கொண்டான்.

இன்னும் இருக்கிறது, கேட்டுக்கொள். என்னிடம் யாரும் வந்து கேட்கவில்லை. முதல் தடவையும் நான்தான் லூயிஸைக் கேட்டேன், முடியாது என்றான். உன்னை இறக்கியதும் மறுபடி நான்தான் போய் நின்றேன். பொறாமைதான். வேறு பேர் வைக்க முடியவில்லை. என் கிளட்ச் முட்டி கியருக்குக் கியர் உயிரை வாங்கும்போது, என் தங்கச்சி இரண்டு விரலில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனால் நான் என்ன செய்வேன், சொல்?

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். அப்புறம் பழைய டீசல். உனக்கு ஆள் அனுப்புவார்கள். போய் லாரியை எடு.

மகேந்திரன்

---

ஈப்போ,
7 ஜூன் 2026

அண்ணனுக்கு,

நலம்.

லாரியை எடுத்துவிட்டேன். எல்லா டிரைவர்களையும் நிற்க வைத்து, தப்பு ஈஸ்வரி மேல் இல்லை என்று லூயிஸ் அண்ணன் சொன்னார். அந்த இரண்டு பெண்களுக்கும் போன் போட்டு மறுபடி பயிற்சிக்கு வரச் சொன்னது நான்தான்.

எனக்குக் கோபம் இருக்கிறது. நீங்கள் கட்டினதற்கு இல்லை, நானும் மறைத்துக்கொண்டு நின்றவள்தானே. அறுத்து எடுத்த அன்று எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த வாரங்களில்தான் நான் என் காலையே நம்பாமல் போனேன். அந்தக் கோபம் எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது.

லூயிஸ் அண்ணன் ஒன்று சொன்னார். "ஒங்க அண்ணன் மொதல்ல கேட்டப்ப முட்டி வலின்னு ஒரு வார்த்த சொல்லவே இல்ல. நாந்தான் சீனியருன்னு சும்மா சண்ட போட்டாரு." என்னிடமும் நீங்கள் சொல்லவில்லை. முட்டி முட்டி மாதிரி இருக்கிறது என்று எழுதினீர்கள். டிப்போவில் இன்னும் இரண்டு பேட்டரிப் பெட்டி வந்தால் இன்னும் இரண்டு லாரி வருமாம். அப்போது உங்கள் வாயால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

என் நம்பரை இன்னும் பிளாக்கில்தான் வைத்திருக்கிறீர்கள். அண்ணியை விசாரித்தேன்.

தினேஸ்வரி

---

பாரிட் புந்தார்,
28 ஜூன் 2026

அன்புத் தங்கச்சி ஈஸ்வரிக்கு,

அண்ணன் மகேந்திரனின் ஆசீர்வாதம். கலா நலம், உனக்கு மறுபடி கருவாடு அனுப்புகிறாள். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் இதைத் தாளில்தான் எழுத வருகிறது. முட்டி வலிக்கிறது. ஏற்றத்தில் வலிக்கிறது, படியில் வலிக்கிறது, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ரொம்ப வலிக்கிறது. போதுமா? நீ கேட்டதற்கு முதல் தடவையாக ஒழுங்கான பதில்.

முந்தாநாள் மெனோரா ஏற்றத்தில் மறுபடி தாண்டிப் போனாய். கப்பல் பெட்டி ஏற்றியிருந்தாய், லாரி வழுக்கிக்கொண்டு ஏறியது. ஹார்ன் அடிக்கவில்லை. எனக்காகத்தான் அடிக்கவில்லை என்று தெரிந்தது, அது இன்னும் மோசம். அடுத்த தடவை அடித்துவிடு.

பொறாமை போய்விட்டது என்று எழுதத்தான் ஆசை. போகவில்லை. உன் வெள்ளை லாரி கண்ணாடியில் தெரிந்ததும் நெஞ்சுக்குள் அதே பழைய எரிச்சல் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. சீனி பின்னால் வரவில்லை, யாரும் சிரிக்கவில்லை, ஆனாலும் எரிந்தது. அது என்னோடு கொஞ்ச காலம் இருக்கும் போலிருக்கிறது.

உன் லாரியில் இப்போது தகடு இல்லை. கட்டவும் முடியாது. பூஜையன்று யார் கண்ணுக்குப் பயந்து அதைக் கட்டினேன் என்று உனக்குத் தெரியுமா? சித்தி கண்ணுக்கு இல்லை, சீனி கண்ணுக்கும் இல்லை. உன் சீட்டில் உட்கார்ந்து எழுந்தபோது என் வயிறு எரிந்தது. அதற்குத்தான் பயந்து, குனிந்து கட்டினேன்.

நீ கை அசைத்தாயாம், அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று ராஜு கலாவிடம் போனில் குறைப்பட்டானாம். பார்க்கவில்லைதான். நீ என் பக்கத்தில் வந்து, தாண்டி, மேலே மறையும்வரை நான் இடது பக்கம் திரும்பிச் சுண்ணாம்பு மலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இனி நீ தாண்டும்போதெல்லாம் அப்படித்தான் செய்வேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. என் கண் உன்மேல் படக்கூடாது.

பத்திரமாக ஓட்டு.

உன் அண்ணன்,
மகேந்திரன்